கண்ணாடிப் படகு மாப்பிள்ளை

1985ஆம் ஆண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அடி அண்ணாமலையில் மைக் செட் வாடகைக்கு விடும் அப்பாதுரையின் வீட்டோடு சேர்ந்த கடைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து தங்கம்மாள் வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் வெற்றிலை, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், இவற்றுக்கு நடுவே துணியில் சுற்றிய ஒரு கேசட்.

கேசட்டில் இருந்தது அவள் மகன் சகாதேவனின் பேச்சு. அவன் ஜோர்டான் தேசத்தில், அம்மான் என்ற ஊரில், ஓர் இன்ஜினியர் வீட்டில் டிரைவர். கடிதம் எழுத அவனுக்குக் கை வராது. கேசட்டின் ஒரு பக்கத்தில் பேசி, லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவான். மறுபக்கத்தில் வீட்டார் பேசி, அந்த ஆள் திரும்பிப் போகும்போது கொடுத்துவிட வேண்டும். இந்தத் தடவை கொண்டுவந்த அர்ஜுனன் அடுத்த ஞாயிறு விமானம் ஏறுகிறான்.

"எங்க பக்கத்து வூட்டு டேப்பு நாடாவைத் தின்னுடுதுண்ணே," என்றாள் தங்கம்மாள். "போன தடவை பாதிப் பேச்சு அதும் வயித்துக்குள்ள போயிடுச்சு. உங்ககிட்டன்னா பத்திரமா இருக்கும்னு எடுத்துக்கினு வந்துட்டேன்."

அது பாதி உண்மை. அப்பாதுரையின் மகள் ஆதிலட்சுமியைச் சகாதேவனுக்குக் கேட்டிருந்தார்கள். தங்கம்மாள் இரண்டு தடவை வந்து பெண்ணைப் பார்த்தாயிற்று. மாப்பிள்ளையின் தரப்பில் வந்தது பாஸ்போர்ட் அளவில் ஒரு போட்டோ மட்டும். மகன் குரலையாவது பெண் வீட்டார் கேட்கட்டுமே என்பது மீதிப் பாதி.

ஆதிலட்சுமிக்கு இருபத்தொரு வயது. பகலில் அப்பா கடையில் எந்தச் சாமான் எங்கே போயிருக்கிறது என்று எழுதி வைப்பாள். மாலையில் டவுன் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் போய் டைப்ரைட்டிங் படிப்பாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். அந்தப் போட்டோவை அவள் எட்டு தடவை பார்த்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாதது போட்டோவின் குற்றமா, தன் குற்றமா என்பதும் விளங்கவில்லை.

அன்று கோயில் தெருவில் சடையன் வீட்டில் காதுகுத்து. அப்பாதுரையின் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் தெருமுனைப் புளியமரத்தில் கட்டியிருந்தன. கடையிலிருந்து ஒயர் இழுத்து, காலையிலிருந்து பாட்டு ஓடியது. பந்தி நடக்கிற நேரம் என்று பாட்டை நிறுத்தியிருந்தார். அந்த இடைவெளியில் கேசட்டைப் போட்டுவிடலாம் என்று, கடைக்குள் இருந்த பெட்டி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். குழாய்க்குப் போகிற லைனை அணைக்க மறந்துவிட்டார்.

"அம்மா, நல்லா இருக்கியா? நான் சகாதேவன் பேசறேன்."

"நல்லா இருக்கேன்டா. நீ சாப்ட்டியா?" என்று தங்கம்மாள் பெட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

குரல் கொஞ்சம் கரகரப்பு. ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் அதே வார்த்தை தூரத்திலிருந்து இன்னொரு தடவை வந்தது. ஆதிலட்சுமி, "அப்பா, ரெண்டு தடவை கேக்குதே?" என்றாள்.

அப்பாதுரை முப்பது வருஷ அனுபவத்தோடு தலையாட்டினார். "அது எக்கோ. அந்தாண்ட மலை இருக்கும், மலையில பட்டுத் திரும்பி வரும். ரெக்கார்டிங் பண்ற எடத்தைப் பொறுத்தது. நீ கம்முனு கேளு."

குரல் சொன்னது:

"இந்தத் தடவை ஒரு விசேஷம்மா. அம்மான்ல ஒரே பனி, குளிரு தாங்கல. இன்ஜினியரு குடும்பத்தோட அகபான்னு ஒரு ஊருக்கு அஞ்சு நாள் போயிட்டு வரலாம்னாரு. அஞ்சு மணி நேரம் ஓட்டினேன். வழியெல்லாம் பாலைவனம். ஒரு மரம் கெடையாது, ஒரு கருவேலம் கூட கெடையாது. போயி எறங்கினா வெயிலு! தை மாசத்துல நம்மூரு பங்குனி மாதிரி. முன்னால கடலு, பின்னால மலை. மலைன்னா நம்ம மலை மாதிரி இல்ல, புல்லு பூண்டு ஒண்ணும் இல்லாம உரிச்சுப் போட்டாப்ல இருக்குது. சாயங்காலம் செவப்பாயிடுது.

"ஓட்டலு வாசல்லயே கடலு. காரே வேணாம். எனக்கு வேலையே இல்ல. மொத நாளு காரை மூணு தடவை தொடச்சேன். நாலாவது தடவை தொடைக்கப் போனா இன்ஜினியரு வந்து சாவியைப் புடுங்கிக்கினாரு. போயி சும்மா உக்காரு, நீயும் லீவுதான்னாரு. எப்புடிம்மா உக்கார்றது? பொங்கலு அன்னிக்குக் கூட நமக்கு மாடு கழுவுற வேலை இருக்கும். மணல்ல போயி உக்காந்தேன், கை ரெண்டையும் எங்க வெக்கறதுன்னு தெரியல. வெள்ளைக்காரங்க வரிசையா படுத்துனு இருக்காங்க. மல்லாட்டை காயப்போட்ட மாதிரி. நாம மல்லாட்டையைப் பொரட்டி விடுவோம்ல, அவங்க தாங்களே பொரண்டுக்கறாங்க."

களத்தில் காயும் வேர்க்கடலையை நினைத்துத் தங்கம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளியே எங்கேயோ இன்னும் நாலைந்து பேர் சிரித்தது போலிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"மூணாம் நாளு ஒரு படகுல ஏத்தி விட்டாரு. படகுக்கு அடியில கண்ணாடிம்மா. பலகை இல்ல, கண்ணாடி. குனிஞ்சு பாத்தா கடலுக்கு அடி தெரியுது. நம்ம கெணத்துல முங்கி கண்ணைத் தொறந்தா பச்சையா இருக்கும், கை தெரியாது. இங்க ரெண்டு ஆள் ஆழத்துல மீனோட கண்ணு தெரியுது. மஞ்சள் மீனு, நீல மீனு, யாரோ பிரஷ்ஷு வெச்சு அடிச்ச மாதிரி. கீழ பூரா பவளம். புதர் மாதிரி, கோசு மாதிரி, மான் கொம்பு மாதிரி. படகுக்காரன் சொன்னான், அது கல்லு இல்லியாம், உசுரு இருக்குதாம். அந்தக் கரையில நின்னா, நான் நின்ன தேசத்தையும் சேத்து மூணு தேசம் தெரியுது."

பிறகு கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். குரல் இறங்கி வந்தது.

"அம்மா, கடைசியா ஒண்ணு. அந்த அடி அண்ணாமலைப் பொண்ணு. நீ பாத்துட்ட, அவங்கப்பாவும் சரின்னுட்டாரு. அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது? யாராச்சும் கேட்டீங்களா? நீ கேட்டுச் சொல்லாத. அது வாயாலயே இந்தக் கேசட்டுல சொல்லச் சொல்லு. இஷ்டம்னா இஷ்டம், இல்லன்னா இல்ல. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

ஆதிலட்சுமியின் காது சூடானது. அப்போதுதான் எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் காசியம்மாள், மாவுக் கையோடு ஓடி வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணே, குழாயை நிறுத்துங்க. ஊரே கேட்டுக்கினு இருக்குது. காதுகுத்துப் பந்தியில ஒருத்தனும் சோறு துண்ணல, அத்தனை பேரும் புளியமரத்தை அண்ணாந்து பாத்துக்கினு கீறாங்க."

பிறகு ஆதிலட்சுமியைப் பார்த்து, "இன்னாடி பொண்ணு, இஷ்டமா இல்லியா? சொல்லிடு, நான் போயி பந்தியில சொல்றேன்," என்றாள்.

*

மறுநாளைக்குள் சகாதேவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: கண்ணாடிப் படகு மாப்பிள்ளை. டவுன் பஸ் கண்டக்டர் ஆதிலட்சுமிக்கு டிக்கெட் கிழிக்கும்போது, "படகுக்கா, பஸ்ஸுக்கா?" என்று கேட்டான். இட்லிக் கடை பெஞ்சில் விவாதம் நடந்தது. படகுக்கு அடியில் கண்ணாடி போட்டால் ஒரு கல் இடித்தால் போதும், அத்தனை பேரும் ஜலசமாதி. பவளம் என்றால் சிவப்பு, மோதிரத்தில் வைப்பது. அது எப்போது புதராக முளைத்தது? மலை உச்சியில் தீபத்தன்று ஏறி நின்றாலே வந்தவாசி தெரிவதில்லை, இவனுக்கு மூன்று தேசம் தெரிகிறதாம்.

"அவன் போன எடத்துல சரக்கு கம்மி விலை போல," என்று காசியம்மாள் முடித்து வைத்தாள்.

அப்பாதுரைக்கு அவமானம். தன் குழாயால் வந்த வினை என்பது இன்னும் அவமானம். இரவுச் சாப்பாட்டின்போது, "படகுல பொய் சொல்றவன் சம்பளத்துல சொல்ல மாட்டானா? குடும்பம் பண்றதுல சொல்ல மாட்டானா? சனிக்கிழமை தங்கம்மா பதில் பேச வருவாங்க. தோது இல்லன்னு பக்குவமா சொல்லிடலாம்," என்றார்.

அவர் மனைவி ஜோதியம்மாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "அவளைத்தான சொல்லச் சொல்லியிருக்கான்?" என்றாள்.

"அது வேற. குழாயில கேக்கற கேள்வியா அது?"

"குழாயில விட்டது யாரு?"

அப்பாதுரை ரசம் கேட்டார்.

ஆதிலட்சுமி, "சனிக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்குதுப்பா," என்று மட்டும் சொன்னாள்.

அதுவரை யாரும் அவளை எதையும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் பத்தாவதோடு போதும் என்றபோதும் கேட்கவில்லை, டைப் படிக்கட்டும் என்றபோதும் கேட்கவில்லை. இரண்டும் நல்லதாகவே முடிந்தன, அதனால் கேட்காதது குறையாகவும் தெரியவில்லை. இப்போது நேரில் பார்க்காத ஒருவன் கேட்டிருக்கிறான், அதுவும் ஊர் சாட்சியாக. தன்னிடம் பதில் இருக்கிறதா என்று உள்ளே தேடினாள். கேள்விகள்தான் இருந்தன. அப்பா சொன்னது ஒரு விதத்தில் நியாயம்: இவன் வாய்ப் பேச்சைத் தவிர இவனைப் பற்றி வேறு ஒன்றும் கையில் இல்லை. அந்தப் பேச்சு நிஜமா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை காலை அப்பா டவுனுக்குப் போனபிறகு, குழாய் லைனைப் பிடுங்கினாள். பிடுங்கியதை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். சத்தத்தைக் குறைத்து வைத்து, தங்கம்மாள் கடையிலேயே விட்டுப் போயிருந்த கேசட்டை ஆரம்பத்திலிருந்து கேட்டாள். நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் 'சொன்னது' என்றும், வலது பக்கம் 'பார்த்தது' என்றும் எழுதினாள். இடது பக்கம் மூன்று வரி வந்தது: படகு. பவளம். மூணு தேசம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மணலில் உட்கார்ந்தது நாலாவதாக எழுதப் போய், அதை யார் எப்படிச் சரிபார்ப்பது என்று அடித்துவிட்டாள்.

மாலை வகுப்புக்கு அரைமணி முன்னதாகவே டவுனுக்குப் போய், நூலகத்தில் உலகப்படப் புத்தகம் கேட்டாள். ஜோர்டானைக் கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. செங்கடலின் தலையில் நத்தைக்கு இருப்பது போல் இரண்டு கொம்பு. வலது கொம்பின் நுனியில், எறும்பு எழுத்தில், அகபா. அந்த ஊர் இருந்தது. அந்த நுனியைச் சுற்றி எல்லைக் கோடுகள் நெருக்கியடித்து வந்து நின்றன. விரலை வைத்து எண்ணினாள்: ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து, சவூதி. மறுபடி எண்ணினாள். நாலு.

அவளுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. மூணு என்றல்லவா சொன்னான், அப்படியானால் தப்புதானே? வகுப்பில் மெஷினில் உட்கார்ந்து வழக்கமான பயிற்சியை அடித்துக்கொண்டே யோசித்தாள். ஒரு வரியில் நாலு பிழை விழுந்தது. மூன்றாவது வரியில்தான் உறைத்தது: புளுகுகிறவன் இருப்பதைவிடக் கூட்டித்தானே சொல்வான்? இவன் ஒன்றைக் குறைத்துச் சொல்லியிருக்கிறான். தெரிந்ததை மட்டும் சொல்லியிருக்கிறான். பஸ்ஸில் திரும்பும்போது வலது பக்கத்தில் எழுதினாள்: 'சொன்னதை விட ஜாஸ்தி.'

பவளம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. டவுன் நகைக்கடையில் கேட்டதற்கு, "பவளம் ராசிக்கல்லும்மா, உசுரு கிசுருன்னு எவன் சொன்னான்?" என்று சிரித்தார்கள். மேலத் தெருவில் தருமன் என்றொரு ரிட்டயர்டு போலீஸ்காரர் இருந்தார். ராமநாதபுரம் கடலோரத்தில் ஆறு வருஷம் டூட்டி பார்த்தவர். புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள்.

"நீதான அந்தப் படகுப் பொண்ணு?" என்று அவர் ஈஸி சேரில் நிமிர்ந்தார். "பவளக் கல்லு நான் பாத்திருக்கேன். அந்தப் பக்கம் கடல்ல வெட்டி எடுப்பாங்க. வெள்ளையா இருக்கும், பொத்தல் பொத்தலா. சுட்டு சுண்ணாம்பு பண்ணுவாங்க, செவுரு கட்டுவாங்க. கல்லுன்னா கல்லுதான். உசுராவது ஒண்ணாவது."

"செவப்பா இருக்காதுங்களா?"

"வெள்ளை. எங்க போலீஸ் ஸ்டேசன் செவுரே அதுல கட்டினதுதான்."

அவள் எழுந்து வாசல் வரை வந்தபோது அவர் பின்னாலிருந்து, "ஆனா ஒண்ணு. தண்ணியிலேர்ந்து வெட்டிக் கரையில போட்டாங்கன்னா ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாது. செத்த மீனு மாதிரி நாறும்," என்றார்.

ஆதிலட்சுமி நின்றாள். "கல்லு நாறுங்களா சார்?"

தருமன் ஈஸி சேரில் மறுபடி சாய்ந்தார். "அதை நான் யோசிக்கல," என்றார்.

'தெரியவில்லை. ஆனால் நாறுகிறது' என்று எழுதினாள். இப்படி எழுதலாமா என்று சந்தேகமாக இருந்தது. இருந்தாலும் அடிக்கவில்லை.

மிச்சம் படகு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. செய்துதான் பார்க்க வேண்டும். வார்னிஷ் டின் ஒன்றை எடுத்து, அப்பாவின் தகரக் கத்தரியால் அடிப்பாகத்தை வெட்டினாள். உடைந்த போட்டோ சட்டத்துக் கண்ணாடியை அந்த அளவுக்கு அறுத்துத் தரச் சொல்லி, ஆசாரியிடம் ஜன்னலுக்குப் பூசும் மக்கும் வாங்கி வந்தாள். முதல் தடவை பக்கெட் தண்ணீரில் வைத்ததும் கண்ணாடி கழன்று உள்ளே போயிற்று. இரண்டாம் தடவை ஓரமெல்லாம் கசிந்தது. மூன்றாம் தடவை மக்கின் மேல் தார் பூசி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்தாள். ஜோதியம்மாள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டுக்குப் பின்னால் இருந்த சடையனின் கிணற்றுக்கு டின்னோடு போனாள். படிக்கட்டு வைத்த பெரிய கிணறு. தண்ணீர் ஆறாவது படிவரை நின்றது. குனிந்து பார்த்தாள். வானமும், ஒரு தென்னையும், தன் மூஞ்சியும் தெரிந்தன. காற்று அடித்தால் அதுவும் உடைந்து போயிற்று.

டின்னின் கண்ணாடிப் பக்கத்தைத் தண்ணீரில் ஒரு சாண் அமுக்கி, மேல்வாய்க்குள் முகத்தை வைத்தாள்.

வானம் போய்விட்டது. அலையும் போய்விட்டது. ஏழாவது படி, எட்டாவது படி, ஒன்பதாவது படி, அதன் மேல் தலைமயிர் போல் அசைகிற பாசி, பாசிக்குள் ஒரு நண்டு கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தது. மூன்று கெண்டைகள் அவள் மூக்குக்கு நேரே வந்து நின்று, இவள் யார் என்று பார்ப்பது போல் வாயைத் திறந்து மூடின. பிறந்ததிலிருந்து தண்ணீர் எடுக்கும் கிணறு. இத்தனை நாள் அதன் மூடியை மட்டும்தான் பார்த்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ, தலை நிமிர்ந்தபோது மேலே அப்பாவும், குடத்தோடு வந்த காசியம்மாளும் நின்றிருந்தார்கள்.

"டின்னுக்குள்ள தலையை வுட்டுக்கினு இன்னா பண்ற? தண்ணி குடிக்கிறியா?" என்றாள் காசியம்மாள்.

"பாருங்கக்கா."

காசியம்மாள் சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்து டின்னுக்குள் குனிந்தாள். சிரிப்பு நின்றது. ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு டின்னுக்குள்ளிருந்தே, "அது என் சொம்பு," என்றாள்.

"எது?"

"அந்தப் பத்தாவது படி ஓரத்துல. பித்தளைச் சொம்பு. தீவாளிக்கு முன்னால காணாமப் போச்சே. நான் மேலத் தெரு ஆராயி எடுத்துக்கினான்னு..."

அப்பாதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பார்த்தார். டின்னை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். தார் பூசிய ஓரத்தை நகத்தால் தட்டினார். வேலை செய்கிற எந்தக் கருவியையும் அவரால் வெறுக்க முடியாது.

"அலை அடிக்கறதால தெரியாம இருந்திருக்குது. கண்ணாடி அலையை அமுக்கிடுது," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து, "சரி, கண்ணாடிப் படகு ஆகக்கூடியதுதான். அவன் ஏறினானான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

ஆதிலட்சுமிக்கு அந்தக் கேள்வி முந்தின நாளே வந்திருந்தது. "தெரியாதுப்பா," என்றாள். "டின்னு வெச்சுப் பாக்கறதுக்கு ஒரு அளவு இருக்குது. ஆனா நாலாவது தடவை காரைத் தொடைக்கப் போய் சாவியைப் பறிகொடுத்தேன், உக்காரத் தெரியலன்னு சொல்றான் பாருங்க, பெருமைக்குப் பேசறவன் அதைச் சொல்வானா?"

அப்பாதுரை விரலில் ஒட்டிய தாரைப் படியில் தேய்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. காசியம்மாள் அதற்குள் சொம்பை எடுக்கக் கொக்கிகள் வைத்த பாதாளக் கொலுசு கேட்டுச் சடையன் வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் டின்னுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டார்கள். ஆறு மணிக்குத் தார் விட்டுக்கொண்டு கண்ணாடி கிணற்றுக்குள் போயிற்று.

*

சனிக்கிழமை மதியம் தங்கம்மாள் வந்தாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. ஊர் சிரித்த சேதி கீழ்பென்னாத்தூருக்கும் போயிருந்தது. அப்பாதுரை நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, குழாய் லைன் கழற்றியிருப்பதை எல்லாருக்கும் காட்டிவிட்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

முதலில் தங்கம்மாள் பேசினாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தூரத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரலில் பேசினாள். எருமை கிடாரிக் கன்று போட்டது, பெரியப்பாவுக்கு மூட்டு வலி, மல்லாட்டை இந்தப் போகம் பரவாயில்லை, குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொள். பதினைந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு மைக்கை ஆதிலட்சுமியிடம் நீட்டி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஆதிலட்சுமி நோட்டைப் பிரித்தாள். "நான் ஆதிலட்சுமி பேசறேன்," என்றாள். அடுத்த வரி நோட்டில் தயாராக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் காரணம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உலகப்படத்தில் நாலு தேசம் இருந்ததைச் சொன்னாள். நாலாவது எந்தப் பக்கம் இருந்தது, மலை மறைத்ததா என்று கேட்டாள். தருமன் சொன்ன நாற்றத்தைச் சொன்னாள். வெட்டினால் நாறுகிறது என்றால் அதற்கு உயிர் இருந்திருக்க வேண்டும், அப்படியானால் அது என்ன சாப்பிடுகிறது, படகுக்காரனைக் கேட்டீர்களா என்று கேட்டாள். டின்னைச் சொன்னாள், மூன்று தடவை மக்கு பூசியதைச் சொன்னாள், நண்டு கண் கழுவியதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல நோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஜோதியம்மாள் சமையல் கட்டிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். மகள் இவ்வளவு நேரம் விடாமல் பேசி அவள் பார்த்ததில்லை.

"அந்தச் சொம்பு பத்தாவது படியில—"

டக் என்று பொத்தான் மேலே வந்தது. நாடா தீர்ந்துவிட்டது.

தங்கம்மாள் மெல்லத் திரும்பினாள். "சொல்லிட்டியாம்மா?"

ஆதிலட்சுமி நோட்டைப் பார்த்தாள். அந்த வரி அப்படியே இருந்தது. "இல்லைங்க அத்தை. சொல்லல."

அப்பாதுரை தலையில் கை வைத்தார். "சொம்பு வரைக்கும் சொன்னியே, அதைச் சொல்ல எடம் இல்லியா? வுடு, டின்னுக் கதையை அழிச்சிட்டு அதும் மேல பேசு."

"அதை அழிக்க வேணாம்பா."

"பின்ன? அர்ஜுனன் நாளைக்கு விடியக்காலம் கெளம்பறான். கடையில இருக்கறதெல்லாம் பாட்டுக் கேசட்டு. இன்னொரு கேசட்டுக்கு டவுனுக்குத்தான் போவணும், இன்னிக்கி மூணு மணிக்கு மேல கடையில ஆள் இருக்கணும், பௌர்ணமிக்குச் சாமான் கேட்டு வருவாங்க."

"தங்கம்மா வேணும்னா சொல்லி அனுப்பட்டும்," என்றாள் ஜோதியம்மாள் கதவோரத்திலிருந்து. "அர்ஜுனன் காதுல ஒரு வார்த்தை போட்டா போதாதா?"

"அது வாயால வேணும்னுதான கேட்டிருக்கான்," என்றாள் தங்கம்மாள். பதினைந்து நிமிஷம் கத்திப் பேசியதில் தொண்டை கட்டியிருந்தது. "அண்ணே, என் பேச்சை அழிச்சிடுங்க."

"இன்னாம்மா சொல்ற?"

"எருமை கன்னு போட்டதை அவன் ரெண்டு மாசம் கழிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். பால் ஒண்ணும் கொறையாது. தலைக்குத் துணி கட்டிக்கச் சொன்னேன், அதை மட்டும் நீயே சொல்லிடும்மா."

அப்பாதுரை நாடாவை ஆரம்பத்துக்குச் சுற்றினார். டேப்பில் இருந்த எண் சக்கரத்தைப் பூஜ்யத்தில் நிறுத்தி, தங்கம்மாளின் பேச்சு எந்த எண்ணில் முடிகிறது என்று ஓட்டிப் பார்த்துச் சுவரில் பென்சிலால் குறித்தார். "இதுக்கு மேல போனா உன் டின்னு போயிடும். பாத்துப் பேசு," என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். ஜோதியம்மாளும் உள்ளே போனாள். தங்கம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீங்க இருங்க அத்தை," என்றாள் ஆதிலட்சுமி.

சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். சக்கரம் நகர்ந்தது.

"நான் ஆதிலட்சுமி. அம்மா தலைக்குத் துணி கட்டிக்கச் சொன்னாங்க. நீங்க கேட்டதுக்கு... எனக்கு இஷ்டம்தான். யாரும் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

நிறுத்தினாள். தங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பைக்குள் கைவிட்டுப் பூவைத் தேடினாள். ஆனால் ஆதிலட்சுமி அதற்குள் நாடாவைப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தாள். பதிந்ததா என்று பார்க்க வேண்டாமா?

பெட்டியிலிருந்து அவளுடைய குரலே வந்தது. அதை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. நினைத்திருந்ததைவிட மெல்லிசாக, ஆனால் நினைத்திருந்ததைவிட நிதானமாக இருந்தது. இஷ்டம்தான் என்றது. நானாத்தான் என்றது. அவள் தலையைச் சாய்த்து, வேறு யாரோ சொல்வதைச் சரிபார்ப்பது போல் கேட்டாள். எந்த இடத்திலும் இடறவில்லை.

"பதிஞ்சிருக்குதா?" என்று வெளியிலிருந்து அப்பாதுரை கேட்டார்.

"பதிஞ்சிருக்குதுப்பா," என்றாள் ஆதிலட்சுமி. சொல்லிவிட்டு, இன்னொரு தடவை பின்னால் சுற்றினாள்.